சாயங்காலப் பாவு

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பொது இடத்தில் சிகரெட் பிடிப்பதைத் தடை செய்தே ஆக வேண்டும் என்பார்கள். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் மூக்கிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் ஏனாத்தூர் பக்கம் படிக்கிற இரண்டு பெண்கள் கையில் போனோடு தெருவுக்கு வந்தார்கள். காலேஜில் ஏதோ ஆய்வாம். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வேண்டுமா, வேண்டாமா என்று வீடு வீடாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் டீக்கடைக்குப் போனார்கள். நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தடை வேண்டும் என்றார்கள். எப்போதும் அங்கேயே இருக்கிற ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருபடி மேலே போய், அபராதத்தை இன்னும் ஏற்ற வேண்டும், இரக்கமே காட்டக் கூடாது என்றார். தானே போனில் தொட்டுப் பதில் போடுகிறேன் என்று கேட்டு வாங்கினார். போனைப் பிடிக்க இரண்டு கை வேண்டுமே, அதனால் எரிந்துகொண்டிருந்த சிகரெட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லி டீக்கடைக்காரத் தம்பியிடம் கொடுத்தார். அந்தப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற அழகை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மட்டும் வரவில்லை. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காரணம், வீட்டுக்குள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்.

அவர் வாழ்நாளில் ஒரு பீடி குடித்தவரில்லை. தறி, அதை விட்டால் டீ, அதை விட்டால் பேச்சு. ஐப்பசி மழையில் சளி பிடித்து, அது மூச்சிரைப்பாக மாறி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை விட அவர் வாயால் சொன்னதுதான் பெரிதாக இருந்தது. நுரையீரல் நொந்து போயிருக்கிறது, புகை இருக்கிற இடத்தில் நிற்கவே கூடாது, அடுத்தவர் விடுகிற புகைதான் இவருக்கு எமன் என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் குடியிருக்கிற காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் டாக்டர் சொன்னபடி வாழ வேண்டும் என்றால் ஆகாயத்தில்தான் வாழ வேண்டும். இருந்தும் என் வீட்டுக்காரர் டாக்டர் பேச்சைக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. சண்டை போடுகிற மனிதனாக இருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டுப் பொழுதை ஓட்டியிருப்பேன். அவரோ மறுபேச்சில்லாமல் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

முப்பது வருஷமாகத் தறியை விட்டு இறங்கியதும் அவர் கால் தானாக அந்தக் கடைக்குத்தான் போகும். அங்கே கண்டக்டர் இருப்பார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கண்டக்டரின் அப்பாவும் நெசவாளிதான், மகன்தான் டவுன் பஸ்ஸில் வேலை கிடைத்துப் போனார். செவிலிமேட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் விசில் ஊதி ஊதி ரிட்டயராகி, இப்போது ஊத விசில் இல்லாததால் சிகரெட்டை ஊதுகிறார் என்று நான் சொல்வதுண்டு. அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். சிரித்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரருக்கு நான் வீட்டிலேயே டீ போட்டுக் கொடுத்தேன். கடை டீயை விட நல்ல டீ, இஞ்சி தட்டிப் போட்டது. பாதியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லி மீதியை வைத்துவிடுவார். எதிரே கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார். கையில் வேலை ஓடவில்லை. எப்போதும் இழை அறாமல் நெய்கிற மனிதர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் இழையை அறுத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி இருமுவதைக் கூட மெதுவாக இருமினார். மூச்சு இருந்தது, ஆனால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

கண்டக்டர் மேல்தான் முதல் கோபம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவர், இவர் வீடு திரும்பியதும் வாசல்படி மிதிக்கவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தார். சிநேகிதம் எல்லாம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் டீக்கடைக்கே போய்விட்டேன். கடைக்காரத் தம்பி கூரத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். 'இங்கு புகைபிடிக்காதீர்' என்று கடையில் போர்டு மாட்டியிருக்கிறான். அதே ஆணியில் நூல் கட்டி லைட்டரையும் மாட்டியிருக்கிறான். இது என்னப்பா நியாயம் என்று கேட்டேன். போர்டு சட்டத்துக்கு, லைட்டர் கஸ்டமருக்கு என்றான். சட்டம் எப்போதோ வந்துவிட்டது, தனக்கும் சம்மதம்தான், ஆனால் வாடிக்கையாக வருகிறவரைப் பார்த்து வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

சரி, ஊர் சொன்னால் கேட்பார்கள் என்று பார்த்தேன். மார்கழி பொங்கல் ஏற்பாட்டுக்காகத் தெருப் பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். யார் வீட்டில் எந்த நாள் பொங்கல் என்று பேசி முடித்ததும் நான் எழுந்தேன். கடைவாசலிலும் தெருவிலும் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்று தெருவே சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்றேன். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். ஆண்கள் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு தங்கள் தங்கள் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். கண்டக்டர் இரண்டு கையையும் தூக்கினார். எதிர்த்து ஒரு கை கூட இல்லை. அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், தேர்தலில் ஜெயித்தவள் கெட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடைவாசலில் அதே புகை, அதே ஆட்கள். என்ன இது என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினார்கள். நான் எப்போதாவது ஒன்றுதான், தடை எல்லாம் ஓயாமல் ஊதுகிறவனுக்கு என்றார் ஒருவர். ஓயாமல் ஊதுகிறவரோ, தெருவில் கண்ட பசங்க வந்து பிடிக்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்குத்தான் தடை என்றார். ஊருக்குத்தானடி உபதேசம் என்பது இதுதான். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். என் வீட்டுக்காரர் டி.வி.யிலிருந்து திரும்பாமல், வுடு, அவங்கள இன்னா பண்ண முடியும் என்றார். விட என்னால் முடியவில்லை.

தை பிறந்து மழை ஈரம் போனதும் தெருவில் பாவு நீட்ட ஆரம்பித்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் புடவையின் நீளவாட்டு நூலை, அதாவது பாவை, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மூங்கில் கால்களில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து விடுவோம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவே அடங்கி நடக்கும். பைக்கில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். கோழியைக் கூட விரட்டிவிடுவோம். பாவு நீட்டியிருக்கிற இடத்தில் ஒருத்தன் தீக்குச்சி கிழித்தான் என்று நான் பிறந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. பட்டில் ஒரு பொறி விழுந்தால் போதும், ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. இதற்குப் போர்டு கிடையாது, கூட்டம் கிடையாது, யாரும் கை தூக்கவும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்த விஷயம்தான். ஆனால் கண் திறக்க ஒரு நேரம் வர வேண்டும். ஒரு காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் பால் பாக்கெட்டோடும் சிகரெட்டோடும் தெருமுனை திரும்பினார். பக்கத்து வீட்டுப் பாவு நீட்டியிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கை தானாக இறங்கியது, சிகரெட் செருப்புக்கடியில் போனது, உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு பாவின் ஓரமாக நடந்து போனார். தான் சிகரெட்டை அணைத்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

கோலமாவு கையோடு அப்படியே நின்றுவிட்டேன். நூலுக்கு இருக்கிற மரியாதை என் புருஷனுக்கு இல்லையா என்று முதலில் பொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி தோன்றியது. இவர்களிடம் கருத்துக் கேட்டது என் முட்டாள்தனம். கருத்து எல்லாம் வாயில் இருக்கிறது, சிகரெட் இருப்பதோ கையில். அந்தக் கை நான் சொன்னால் கேட்காது, பாவு சொன்னால் கேட்கிறது.

எங்கள் வீட்டுப் பரணில் எலி கடித்த பாவு ஒன்று கிடந்தது. நடுநடுவே அறுந்து, எதற்கும் ஆகாமல், தூக்கிப் போட மனமில்லாமல் மூட்டை கட்டி வைத்தது. அன்று சாயங்காலம் அதை இறக்கினேன். என் வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூங்கில் கால்களையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், டீக்கடை பெஞ்சுக்கு முன்னால், அந்தக் கடையின் அகலத்துக்கும் கொஞ்சம் கூடவே பாவை நீட்டினேன். பாவு நீட்டுவது ஓராள் வேலையே இல்லை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் தொய்ந்தது. இழைகள் கலையாமல் நடுவில் செருகுகிற குச்சிகளைக் கோபத்தில் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். பார்க்கச் சகிக்காத பாவு.

தெருவே சிரித்தது. சாயங்காலத்தில் பாவு நீட்டுகிறவளைக் காஞ்சிபுரம் இதுவரை பார்த்ததில்லை. கடைக்காரத் தம்பி, "அக்கா, இன்னாக்கா இது?" என்று மட்டும் கேட்டான். நான் தொய்ந்த முனையை இழுத்துக் கட்டினேன். சிரித்தவர்கள் சிரித்தபடியே இருக்க, பெஞ்சில் இருந்த கைகள் மட்டும் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் சுவரில் தேய்த்து அணைத்தார், இன்னொருவர் சாக்கடையில் போட்டார். கண்டக்டர் அப்போதுதான் உதட்டில் வைத்திருந்தார், பற்றவைக்கவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இது எலி கடித்த குப்பை என்று அத்தனை பேருக்கும் பார்த்ததுமே தெரியும். தெரிந்து என்ன, கை கேட்கவில்லையே.

அந்த வெற்றியை நான் முழுசாக அனுபவிப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"குச்சி இல்லாம எவனாவது பாவு நீட்டுவானா? இத்தினி வருசம் தறிக்காரன் வூட்ல இருந்துக்கினு இது கூடத் தெரியல?"

என் வீட்டுக்காரர். இரண்டு குச்சிகளையும் கையில் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றிருந்தார். மழைக்காலத்துக்குப் பிறகு இந்த வாசல்படியைத் தாண்டி அவர் எதிர்ப்பக்கம் வந்தது அன்றைக்குத்தான். நான் கெஞ்சியும் கோயிலுக்குக் கூட வராதவர். ஜன்னல் வழியாகத் தொய்ந்த பாவைப் பார்த்தவருக்கு உட்கார முடியவில்லை. குச்சியை நான் வேண்டுமென்றேதான் மறந்தேன் என்று தெருவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். சத்தியமாக இல்லை. ஆனால் அந்தப் புகழை நான் மறுத்ததும் இல்லை.

அவர் குச்சியைச் செருகி இழைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். "அந்தாண்ட முனையப் புடிடா" என்றார், யாரையும் பார்க்காமல். கண்டக்டர் எழுந்து போய்ப் பிடித்தார். விசில் பிடித்த கைதான், ஆனாலும் அப்பா வீட்டுப் பழக்கம் விட்டுப் போகவில்லை, சரியாக இழுத்துக் கொடுத்தார். பெஞ்சில் இருந்த இன்னும் இரண்டு பேர் வந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டார்கள். ஒரு முழம் கூட நெய்ய முடியாத பாவை, விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் நான்கு ஆண்கள் மும்முரமாகச் சீர்செய்ததை நீங்கள் வேறு ஊரில் பார்க்க முடியாது. வேலை நடந்த அத்தனை நேரமும் யாரும் புகைக்கவில்லை. நடுவில் டீ வந்தது. என் வீட்டுக்காரர் நின்றபடியே முழு கிளாஸையும் குடித்தார். என் இஞ்சி டீயைப் பாதியில் வைத்த அதே மனிதர். எனக்கு ரோஷம் வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் அந்தப் பாவு கடைக்கு முன்னால் ஏறும். இப்போது அதைக் கட்டுவது நான் இல்லை, கடைக்காரத் தம்பி கட்டுகிறான், என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்கிறார். புகைக்க வேண்டியவர்கள் எழுந்து தெருக்கோடியில் இருக்கிற டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்ப் புகைத்துவிட்டு வருகிறார்கள். யாரும் சிகரெட்டை விட்டுவிடவில்லை. கண்டக்டர் கொஞ்சம் குறைத்திருக்கிறார், மனம் திருந்தி அல்ல, அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். இது ஏமாத்துப் பாவு என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு எழுந்து டிரான்ஸ்பார்மர் பக்கம் நடப்பார்.

பங்குனி உத்திரத்துக்கு ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். அன்று சாயங்காலம் யாரோ ஒரு இளைஞன் கடைக்கு வந்து டீ வாங்கி, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தான். நான் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். பூவை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன். நாக்கில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன, அவன் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று எனக்கே பாவமாக இருந்தது.

எனக்கு முன்னால் கண்டக்டர் எழுந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. தம்பி, பாவு இருக்குது என்றார்.

அவனும் தறிக்காரன் வீட்டுப் பையன்தான் போலிருக்கிறது. ஒரு இழையை விரலால் தூக்கிப் பார்த்தான். அறுந்து அறுந்து முடிச்சாக இருந்தது. "இதுல ஒண்ணும் நெய்ய முடியாதே, சார்" என்றான்.

"நெய்றதுக்கு இல்லபா" என்றார் கண்டக்டர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினார். "அவன் மூச்சு வுடறதுக்குப் போட்டுருக்குது. நடுவுல கொஞ்ச மாசம் அவன் இந்தப் பெஞ்சுக்கு வரல. எம் புகையாலதான் வரலன்னு எனக்குத் தெரியும். இந்தக் கருமத்த வுடவும் முடியல, அவன் மூஞ்சப் பாக்கவும் முடியல. மறுபடியும் அவன எழுப்பி அனுப்பிடாதபா."

அவன் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்துவிட்டான். நான் தெருவின் நடுவில் நின்றேன். அத்தனை மாதமும் அந்த மனிதர் எங்கள் வாசல்படி மிதிக்காததற்கு நான் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அவர் வராமல் இருந்தது அலட்சியம் இல்லை, என் வீட்டுக்காரர் உள்ளே டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அதே துக்கம்தான்.

என் வீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்து அந்தப் பையனுக்கு இடம் விட்டார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "டேய், நாப்பது வருசம் பஸ்ல எத்தினி பேர வழியில எறக்கி வுட்டிருப்ப. என்னிய ஒருத்தன ஏத்திக்க இம்மா பேச்சா?" என்றார். கண்டக்டர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரரும் சிரித்தார், பழைய சிரிப்பு, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வருகிற சிரிப்பு.

சிரிப்புக்குப் பின்னால் இருமல் வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். பழக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார்.